கிராசியேலாவின் பெயரில் ஒரு கர்ப்பம்

சூலா விஸ்டா
செப்டம்பர் 9, 2019

எவரிஸ்தோ,

ஆகஸ்டில் வாட்சன்வில்லில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது உன் மனைவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நீ ஸ்ட்ராபெரி கிடங்கிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நெரெய்தா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "அண்ணி, இந்த ஊர் ஆஸ்பத்திரில குழந்தை பொறந்தா, அம்மான்னு யார் பேரை எழுதுவாங்க?"

"இது என்னடி கேள்வி? பெத்தவ பேரைத்தான்," என்றேன். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பிள்ளை உண்டானவளுக்கு வரும் விநோதமான யோசனைகளில் இதுவும் ஒன்று என்று எண்ணி அடுத்த தட்டை எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. என் மகள் கிராசியேலா தன் ஒற்றைத் தலைவலி மாத்திரையை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். கடையிலிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இதை இப்ப தர முடியாதும்மா. ஏழாவது மாசம் நடக்குதே உங்களுக்கு," என்றிருக்கிறார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்திருக்கிறார். அவள் தினமும் ஓடுகிறவள், வயிறு பலகை மாதிரி இருக்கும். வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு அழுதாள். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது.

அவள் இந்த நாட்டில் பிறந்தவள். மாநிலம் தரும் இலவச மருத்துவ அட்டை அவளிடம் இருக்கிறது. அதில் முகப்படம் கிடையாது. அந்த அட்டையைக் கொடுத்து, ஏப்ரல் மாதத்திலிருந்து உன் மனைவியைக் கிராசியேலா என்ற பெயரில் கர்ப்பப் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாய். காரணம், நெரெய்தாவின் கிரீன் கார்டு விண்ணப்பம். அவள் பெயரில் இலவச வைத்தியம் எங்கேயும் பதிவாகக் கூடாதாம்.

உடனே உனக்குப் போன் செய்தேன். "இதெல்லாம் போன்ல பேசாதக்கா, கேட்டுட்டு இருப்பாங்க," என்று வைத்துவிட்டாய். சரி, காகிதத்தில் பேசுகிறேன். போனைப் போலக் காகிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது.

கிராசியேலா சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில்கூட நெரெய்தாவைக் கிராசியேலா என்று கூப்பிடுகிறாயாமே, பழகட்டும் என்று. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கும்போதும் அந்தப் பெயர்தானாம். கட்டிய மனைவியை அக்கா மகளின் பெயரால் கூப்பிடுகிறாய். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

கிராசியேலாவையும் நான் விடவில்லை. பாத்திரத்தை இரவல் கொடுப்பது போல அட்டையை நீட்டியிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "மாமா அழுதாரும்மா," என்றாள். நீ அழுதாயா? யாருக்காக?

பதில் எழுது.

எர்மினியா

*

வாட்சன்வில்
செப்டம்பர் 14, 2019

அக்கா,

உன் கடிதத்தை லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகும்படி நீ எழுதவும் இல்லை.

உனக்குக் குமட்டுகிறது. எனக்கு மட்டும் இனிக்கிறதா? மாதத்துக்கு ஒரு தடவை அந்த கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படம், கிருமிநாசினி நாற்றம். இந்த நாட்டில் இருபத்தாறு வருடமாக நான் ஒரு வேளைச் சோறுகூட இலவசமாகச் சாப்பிட்டதில்லை. முதுகு போனபோது டாக்டரிடம் போகவில்லை, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெட்டி தூக்கினேன். அந்த நாற்காலியில் உட்காரும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆசிரியை ஓய்வூதியமும் ஆஸ்பத்திரிச் சலுகையும் கையில் இருக்கிற உனக்குத் தூரத்தில் இருந்து குமட்டலாம். அது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாதா கோவில் மண்டபத்தில் மெனுடோ என்ற குடல் சூப் ஊற்றுவார்கள். மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாரே பெரியவர் டோன் அபுந்தியோ, அவர் மார்ச்சில் ஒரு நாள் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். "ஓசில ஒரு ஊசி போட்டாலும் பதிஞ்சிரும் தம்பி. 'இவ நாட்டுக்குச் சுமை'ன்னு எழுதி, கையில பையைக் குடுத்து அனுப்பிருவாங்க. புது ரூல் வருது, ரேடியோ கேக்கறதில்லையா?" என்றார். மேசையில் யாரும் அவரை மறுக்கவில்லை. நெரெய்தாவுக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் நான் என்ன செய்ய? டாக்டரே வேண்டாம் என்று விட்டிருந்தால் அதற்கும் நீதான் முதலில் திட்டுவாய். நம் குடும்பத்தில் பெயரை இரவல் கொடுப்பது இன்று நேற்றா நடக்கிறது? செத்துப்போன மச்சானின் பெயரில் சித்தப்பா எட்டு வருடம் பழம் பறித்தார். மேஸ்திரி "பிரிமித்திவோ" என்று கூப்பிட்டால் சித்தப்பாதான் திரும்பிப் பார்ப்பார். அதனால் யார் கெட்டுப்போனார்கள்? அந்தச் சம்பளத்தில் நீ படித்தாய். அப்போது உனக்குக் குமட்டவில்லை.

நெரெய்தா கெட்டிக்காரி. கிராசியேலாவின் பிறந்த தேதி, தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் மனப்பாடம். வழியெல்லாம் லாரியில் கேட்டுக்கொண்டே போவேன், அவள் சொல்வாள். முதல் இரண்டு தடவை நர்ஸ் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை, முழங்கையால் இடித்தேன். இப்போது சரியாகிவிட்டது. "இது முதல் பிரசவமா?" என்று கேட்டபோதுகூட அவள் தடுமாறவில்லை. கிராசியேலாவுக்கு ஏது குழந்தை? "ஆமா, முதல்"னு சொல்லிவிட்டாள். வயிற்றில் இருக்கிற தழும்பைப் பார்த்து ஒருத்தி கேட்டாள். "சின்ன வயசுல குடல்வால் வெடிச்சிருச்சு"ன்னு நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

நவம்பர் வரைக்கும்தான். அப்புறம் கார்டு வரும், எல்லாம் சரியாகும். பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

உன் தம்பி
எவரிஸ்தோ

*

சூலா விஸ்டா
செப்டம்பர் 20, 2019

எவரிஸ்தோ,

நீ பெருமையாக எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகளை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. முதல் பிரசவம். குடல்வால்.

நம் ஊரில், உருவாப்பானில், உங்கள் முதல் பிள்ளை எலெயாசரைப் புதைத்தபோது நான் உன் பக்கத்தில் நின்றேன். உன் மனைவி வரவில்லை, எழுந்து நிற்க முடியாமல் படுத்திருந்தாள். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அவசரமாக அவள் வயிற்றை மேலிருந்து கீழாகக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு நாள் மூச்சு விட்டான். அவனுக்குப் பெயர் வைத்தவன் நீ. அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்று அவனைப் பெற்றவளின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறாய், அதுவும் மனப்பாடம் செய்து. அவள் "தடுமாறவில்லை" என்று எனக்குச் சான்றிதழ் வேறு தருகிறாய். உன்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள் நான், எவரிஸ்தோ. முதல் முறையாக உன் கையெழுத்தைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சித்தப்பாவின் கதையைச் சொல்கிறாய். பறிப்பவன் யார் என்று பழத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. படுத்திருப்பவள் யார் என்று வைத்தியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அங்கேதான் உன் கணக்கு தப்பாகிவிட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் மூன்றாம் வகுப்பில் ஃபவுஸ்தினோ என்று ஒரு பையன் இருந்தான். ஒரு காது மந்தம். பள்ளியில் காது பரிசோதனை வந்தபோது, செவிடன் என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்து, தன் இடத்தில் பெஞ்சுக் கூட்டாளியை அனுப்பிவிட்டான். கூட்டாளிக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். ஃபவுஸ்தினோவின் பெயருக்கு எதிரே "நன்றாகக் கேட்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் அவனைக் கடைசி வரிசையிலேயே விட்டுவைத்தோம். வருடம் முழுவதும் அவன் என் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரிசோதனையில் அவன் தேறிவிட்டான், காது மட்டும் அப்படியே இருந்தது. நெரெய்தாவும் கிளினிக்கில் அப்படித்தான் தேறிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தழும்போடு அவளுக்கு வலி வந்தால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தத் தழும்பு எதனுடையது என்றே அவர்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை இங்கே சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். பெயர்களைச் சொல்லவில்லை, பயப்படாதே; தழும்பு வரை மற்றதையெல்லாம் சொன்னேன். அசெவேதோ என்ற வக்கீல், என் மகள் வயதிருக்கும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், அந்தப் புது ரூலை நான் முழுசாப் படிச்சிருக்கேன். கர்ப்பிணிக்குக் கிடைக்கிற வைத்தியத்தை அதுல கணக்குலயே சேர்க்கல. அவங்க தன் சொந்தப் பேர்லயே போயிருக்கலாம்."

"அடுத்தவ பேர்ல போனது?"

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினாள். "அதுதான் ஆபத்து. இந்த நாட்டுப் பிரஜைன்னு நடிச்சதா எடுத்துக்கிட்டா ரொம்பப் பெரிய சிக்கல். ஃபைலைப் பார்க்காம நான் ஒண்ணும் உறுதி குடுக்க மாட்டேன். ஆனா குழந்தை பொறந்து சான்றிதழ்ல வேற அம்மா பேர் ஏறிருச்சுன்னா, அதைப் பிரிக்க கோர்ட்டுக்குத்தான் போகணும். இப்பவே வாயைத் திறந்தா குறைஞ்சபட்சம் அவங்க உயிரோட இருந்து கேஸ் நடத்தலாம்."

ஆக, எது கறை இல்லையோ அதற்குப் பயந்து, எது கறையோ அதைப் பூசிக்கொண்டிருக்கிறாய். இதில் எனக்கு உன் மேல் மட்டும் வெறுப்பு இல்லை. வாயில் வந்ததைச் சூப்போடு சேர்த்து ஊற்றும் அபுந்தியோ மேலும்தான். பிள்ளை சுமக்கிறவளை ரேடியோவில் அறிவித்து நடுங்க வைத்துவிட்டு, எது சேரும் எது சேராது என்று ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லாமல் இருப்பவர்கள் மேலும்தான். ஆனால் அவர்களெல்லாம் அவளை முழங்கையால் இடிக்கவில்லை.

அடுத்த சந்திப்பில் நெரெய்தா தன் பெயரைச் சொல்லட்டும். தழும்பைப் பற்றியும் சொல்லட்டும். பிறகு நீங்கள் இருவரும் இங்கே பஸ் ஏறி வாருங்கள், வக்கீலிடம் நானும் வந்து உட்காருகிறேன்.

எர்மினியா

*

வாட்சன்வில்
செப்டம்பர் 25, 2019

அக்கா,

பெயர் சொல்லவில்லை என்கிறாய். வாட்சன்வில் என்று சொல்லியிருப்பாய். ஸ்ட்ராபெரி என்று சொல்லியிருப்பாய். அது போதும் அவர்களுக்கு.

கார்டு கைக்கு வராமல் போனால் அவளை உருவாப்பானுக்கு அனுப்புவார்கள், குழந்தை இங்கே, நான் இங்கே. வக்கீல் எந்த உறுதியும் கொடுக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். உறுதி இல்லாத ஒன்றுக்காக, ஏப்ரலிலிருந்து கட்டிக் காத்ததைக் கெடுக்க மாட்டேன்.

எலெயாசரின் பெயரை இனிமேல் எனக்கு எழுதாதே. இனி எழுதவே வேண்டாம்.

எவரிஸ்தோ

*

வாட்சன்வில்
அக்டோபர் 4, 2019

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னவன் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காகிதம்கூட ஒரு நர்ஸ் கொடுத்தது.

திங்கள்கிழமை மத்தியானம் அவளுக்கு வலி வந்துவிட்டது. ஆறு வாரம் முன்னாலேயே. டோர்ட்டியா ரொட்டிக்குப் பிசைந்த மாவு கையிலேயே காய்ந்திருக்க, அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரியில் ஏற்றினேன். போகும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிறந்த தேதி சொல்லு"ன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கே ஒரு நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி, வயதானவள், பெயர் மிசஸ் மகாலிண்டாங். கையில் பட்டை கட்டினாள். பட்டையில் கிராசியேலாவின் பெயர். கட்டிக்கொண்டே கேட்டாள்: "முதல் பிரசவமாம்மா?"

"ஆமா, முதல்," என்றேன் நான்.

"நான் உங்களைக் கேக்கல சார்."

"அவளுக்கு வலி, அதான்..."

"வலி அவங்க வயித்துலதான், வாயில இல்ல. நீங்க சொல்லுங்கம்மா."

நெரெய்தா கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டாவது," என்றாள். "முதல் பையன் எலெயாசர். ரெண்டு நாள் இருந்தான். இங்க வெட்டித்தான் எடுத்தாங்க, மேல இருந்து கீழ வரைக்கும். என் பேரு கிராசியேலா இல்ல. நெரெய்தா." பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவர் என் புருஷன்தான், அது மட்டும் உண்மை," என்றாள்.

அக்கா, அவள் கத்தவில்லை. கடையில் காய்கறி கேட்பது மாதிரி சொன்னாள்.

அந்த அம்மாள் ஓடினாள். நிஜமாகவே ஓடினாள், அந்த வயதில். டாக்டர் வந்தார், இன்னொருவர் வந்தார். தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்படி வெட்டிய வயிறு வலியைத் தாங்காதாம், கர்ப்பப்பையே கிழிந்துவிடலாமாம். "சாதாரண முதல் பிரசவம்னு நினைச்சு நாங்க வலியை வளரவிட்டிருப்போம்," என்றார் டாக்டர், என்னிடம் இல்லை, சுவரிடம் சொல்வது போல. மருந்து ஏற்றி வலியை நிறுத்தியிருக்கிறார்கள். இனி அவள் இங்கேயே படுத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுப்பார்களாம். குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறது. நான் கேட்டேன், குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கத்தரிக்கோலால் அந்தப் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, நெரெய்தா என்று அச்சடித்த புதுப் பட்டையைக் கட்டினாள். "இதை நாங்க அட்டை ஆபீசுக்குத் தெரியப்படுத்தியே ஆகணும்," என்றாள். கோபம் எதுவும் இல்லை. அதனால் இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. கிராசியேலாவுக்கும் கடிதம் வருமாம், அவளிடம் நீயே சொல்லிவிடு.

நீ சொன்னது நடந்துவிட்டது. உனக்குத் திருப்தியா என்று கேட்க நினைத்தேன், இப்போது கேட்கவில்லை.

நெரெய்தா என்னோடு பேசுவதில்லை. அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறாள். நேற்று அந்த நர்ஸ் வெளியே வந்து, "நீங்க அடுத்த வியாழக்கிழமை வாங்க சார். அதுவரைக்கும் அவங்களுக்குத் தனியா இருக்கணுமாம்," என்றாள். கட்டின மனைவியைப் பார்க்க எனக்கு முறை வைத்திருக்கிறார்கள். என் சட்டையைக் கழற்றி மோந்து பார்த்தேன், நாற்றம் என்னிடமிருந்து வருகிறதா என்று. சிரிக்காதே.

அந்த வக்கீலின் நேரத்தைக் கேட்டுச் சொல். எங்கள் பெயரைச் சொல்லியே கேள்.

வியாழக்கிழமை நான் என்ன செய்யட்டும், அக்கா? மன்னிப்புக் கேட்கவா? பூ வாங்கிப் போகவா? நீதான் எல்லாவற்றுக்கும் உதாரணம் வைத்திருப்பாய்.

எவரிஸ்தோ

*

சூலா விஸ்டா
அக்டோபர் 8, 2019

எவரிஸ்தோ,

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் வியாழனுக்குள் வந்து சேராது. கிராசியேலாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளை அவள் உன் வீட்டுக்கு வருவாள். அட்டை விஷயம் அவளுக்குத் தெரியும். தன் பங்குக்குத் தானே போய்ப் பதில் சொல்கிறேன் என்றாள். அவளுக்காக வக்கீலிடம் தனியாக நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் இருவருக்கும் பதினாறாம் தேதி. நெரெய்தா படுக்கையிலிருந்தே போனில் பேசலாம். பெயர் சொல்லித்தான் வாங்கினேன். என்ன முடிவு வரும் என்று அசெவேதோ இப்போதும் சொல்லவில்லை. கார்டு கிடைக்காமலே போகலாம். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. லாரியில் வலியோடு இருந்தவளிடம் பிறந்த தேதி கேட்டாய் என்று படித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவி வந்துதான் மீதியைப் படித்தேன். அந்த அருவருப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அது போக நாளாகும். போகும் என்றும் உனக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்டுவிட்டாய், கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

பூ வேண்டாம். பூவைக் கண்டால் அவள் நன்றி சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் அவளுக்கு ஒரு வேலை. மன்னிப்பும் இப்போது வேண்டாம். நீ கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதிலும் உன் மனம் ஆறுவதற்காகத்தான் இருக்கும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளிடம் எதைக் கேட்டாலும் அண்ணன்தான் எழுந்து பதில் சொல்வான். அவளுக்குப் பேச வராது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் அவன் காய்ச்சலில் விடுப்பு எடுத்தான். அன்றைக்கு நான் கேள்வி கேட்டபோது அவள் வெகுநேரம் சும்மா நின்றாள். மற்ற பிள்ளைகள் நெளிந்தார்கள், எனக்கே பொறுமை போய்விடும் போலிருந்தது. பிறகு சொன்னாள், முழுதாகச் சொன்னாள். அத்தனை நாளும் அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சும்மா நிற்கிற நேரம்தான்.

வியாழக்கிழமை நர்ஸ் வருவாள், டாக்டர் வருவார், அலுவலகத்திலிருந்து யாராவது வருவார்கள். வலி எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், குழந்தை அசைகிறதா, யார் பெயர் எழுதட்டும் என்று கேட்பார்கள். அவள் உடனே பேசாமல் போகலாம், உன் நாக்கு துடிக்கும். கதவோரம் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, அவளைக் கேட்கிற எந்தக் கேள்விக்கும் நீ வாயைத் திறக்காதே, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திரு.

எர்மினியா